வேட்புமனு என்னும் வாசல்

ஜொகூரின் தென்பகுதியில் ஓடும் ஆறுகளின் கரைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் கேம்பியரும் விளைந்தன. ஸ்கூடாய்க்கு அருகிலுள்ள காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அக்காலத்துச் சீனக் குடியேற்றங்களை இன்றும் நினைவூட்டுகின்றன. அப்பயிர்கள் மறைந்தபின் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழரும் வந்தனர். பின்னர் ரப்பர் மரங்களும் வீழ்ந்து, அவை நின்ற நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. ரினி தோட்டம் முத்தியாரா ரினி என்னும் குடியிருப்பாக மாறிவிட்டது. தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றே பழைய வரலாற்றுக்குச் சாட்சியாக இருக்கிறது.

இம்மண்ணில் உழைத்தோர் வாக்குரிமை பெற்ற வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. 1955-ஆம் ஆண்டு மலாயாவில் முதன்முதலாகக் கூட்டரசு சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றபோது, பதிவு பெற்ற 12,80,865 வாக்காளருள் மலாய்க்காரர் 84 விழுக்காட்டினர். சீனர் 11 விழுக்காட்டினர். இந்தியரையும் பிறரையும் ஒன்றாகக் கூட்டினாலும் 5 விழுக்காட்டை எட்டவில்லை. 1957-இல் நாடு விடுதலையடைந்து குடியுரிமை விரிந்தபின்னரே தோட்டப் பாட்டாளியின் கையில் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது.

வாக்களிக்கும் உரிமைக்கு உடன்பிறந்த உரிமை ஒன்று உண்டு. அது வாக்குக் கேட்டு நிற்கும் உரிமையாகும். இதன் வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. யார் வாக்களிக்கலாம் என்ற கேள்விக்கு விடை விரிந்துகொண்டே வந்திருக்கிறது; யார் வேட்பாளராகலாம் என்ற கேள்விக்கோ பணம், தண்டனை, வயது, படிப்பு, நுழைவு அட்டை எனப் பல தடைகள் குறுக்கே நின்றிருக்கின்றன. இத்தடைகளுள் எவை நியாயமானவை, எவை நியாயமற்றவை என்பதை வரலாற்றின் வெளிச்சத்தில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்திரமேரூர் காட்டும் அளவுகோல்

தமிழர்க்கு இக்கேள்வி புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்த முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டிருந்தது. குடத்தில் ஓலை இடப்பெறுவதற்குரிய தகுதிகள் யாவை, தகுதியின்மைகள் யாவை என்பதே அக்கல்வெட்டுகளின் பெரும்பகுதியாகும்.

கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது ஓர் அந்தணர் சபை என்பதை மறத்தலாகாது. நிலமற்ற உழவனும் கைவினைஞனும் பெண்டிரும் அதன் வாசலை நெருங்கவும் இயலாது. குடவோலையை மக்களாட்சியின் முழு வடிவம் எனப் போற்றுவோர் இவ்வுண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனினும் அக்கல்வெட்டில் இரண்டு செய்திகள் இன்றைக்கும் பாடமாக அமைந்துள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இது செல்வத்தை அளக்கும் விதியன்று; நம்பகத்தை அளக்கும் விதி. மற்றொன்று, கால் வேலி இல்லாது அரைக்கால் வேலி மட்டுமே உடையவர்க்கு, குறிப்பிட்ட கல்வித் தகுதி இருப்பின் ஓலை இடலாம் என்ற விலக்கு. செல்வம் குறைந்தவர்க்கு ஒரு வாசல் அடைபட்டால், வேறொரு தகுதியால் திறக்கும் இன்னொரு வாசல் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அச்சபையினர்க்கும் இருந்திருக்கிறது. நியாயத்தை அளக்க இவ்விரண்டு அளவுகோல்களே போதும்: விதி நம்பகத்தை அளக்கின்றதா, பணப்பையை அளக்கின்றதா? ஒரு வாசலை அடைக்கும்போது மறுவாசல் வைத்திருக்கின்றதா?

எட்டில் ஒரு பங்கு

மலேசியாவில் வேட்பாளர் செலுத்தும் வைப்புத் தொகையின் மூலத்தைப் பிரிட்டனில் காணலாம். 1918-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அங்கே வாக்குரிமையைப் பெரிதும் விரித்தது. அதே சட்டம் வேட்பாளர் ஒவ்வொருவரும் 150 பவுன் கட்ட வேண்டும் என்றும், பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாதவர் அத்தொகையை இழப்பார் என்றும் விதித்தது. வாக்காளர்க்கு ஒரு கையால் வாசலைத் திறந்த சட்டம், வேட்பாளர்க்கு மறுகையால் வாசலில் காவல் வைத்தது. விளையாட்டாக நிற்போரைத் தடுப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பிரிட்டன் 1985-இல் தன் விதியை மாற்றிக்கொண்டது. தொகை 500 பவுனாக உயர்ந்தபோதிலும், இழப்புக்கான எல்லை எட்டில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. மலேசியாவிலோ எட்டில் ஒரு பங்கு என்னும் அளவு இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரு தொகுதியில் 40,000 வாக்குகள் பதிவாயின் 5,000 வாக்குகளுக்குக் குறைந்தவர் வைப்புத் தொகையை இழப்பார். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகைக்கு நிகரான ஆதரவைப் பெற்றவரையும் விளையாட்டு வேட்பாளர் என்று சட்டம் கருதுவது பொருத்தமாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

தொகையின் அளவையும் காண்போம். நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 வெள்ளியும், சட்டமன்ற வேட்பாளர் 5,000 வெள்ளியும் வைப்புத் தொகையாகச் செலுத்துகின்றனர். இவற்றோடு தேர்தல் விளம்பரப் பொருள்களை அகற்றுவதற்கான பிணையாக முறையே 5,000 வெள்ளியும் 3,000 வெள்ளியும் கட்டுதல் வேண்டும். ஸ்கூடாய் சட்டமன்றத் தொகுதியில் நிற்க விரும்பும் ஒருவர் 8,000 வெள்ளியோடு வர வேண்டும். அத்தொகுதி அடங்கியுள்ள, 2018-க்கு முன் கேலாங் பாத்தா எனப்பட்ட, இஸ்கண்டார் புத்திரி நாடாளுமன்றத் தொகுதிக்கு நிற்பவர் 15,000 வெள்ளி கொணர வேண்டும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அச்சம்பளத்தில் வாழும் தொழிலாளி ஒருவர்க்கு முன்னது ஏறத்தாழ ஐந்து மாத ஊதியம். பின்னது ஏறத்தாழ ஒன்பது மாத ஊதியம். பெருங்கட்சியின் வேட்பாளர்க்குக் கட்சி கட்டிவிடும். கட்சியற்ற தொழிலாளிக்கோ இது உத்திரமேரூரின் கால் வேலி நிலத்துக்கு நிகராகிவிடுகிறது.

மொடக்குறிச்சி தந்த எச்சரிக்கை

ஆயின் தடையே வேண்டாம் என்று சொல்வதும் எளிதன்று. 1996-இல் தமிழ்நாட்டின் ஈரோட்டுப் பகுதியில் உள்ள மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராயினர். தம் குறைகளை அரசு கேட்கவில்லை என்ற மனக்குறையால் உழவர்கள் கூட்டம் கூட்டமாக மனுச் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டு ஒரு நூலின் வடிவில் அச்சிடப்பட வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவும் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆந்திரத்தின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றனர்.

அப்போது இந்தியாவில் சட்டமன்ற வேட்பாளர் கட்டிய தொகை 250 ரூபாய்தான். இந்நிகழ்ச்சிகளுக்குப் பின் 1996-லேயே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்திற்கு 5,000 ரூபாய், நாடாளுமன்றத்திற்கு 10,000 ரூபாய் எனத் தொகை உயர்ந்தது. பின்னர் அவை 10,000, 25,000 என மேலும் உயர்ந்தன. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பாதித் தொகையே விதிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற கட்சியைச் சாராத வேட்பாளரை ஒருவருக்குப் பதிலாகப் பத்து வாக்காளர் முன்மொழிய வேண்டும் என்றும் விதி வந்தது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. வாசலில் எவ்விதக் காவலும் இல்லையெனில் வாக்காளனே குழம்புவான். எனவே ஓரளவு தடை நியாயமே. மற்றொன்று, மொடக்குறிச்சி உழவர்கள் விளையாட்டுக்காக நிற்கவில்லை. வேறு எவ்வழியிலும் செவிசாய்க்கப்படாத குரலைத் தேர்தலின் வழியே கேட்கச் செய்யவே நின்றனர். அவர்களுடைய மனுக்களைத் தடுப்பதற்குச் சட்டம் எளிதில் வழி கண்டது. அவர்களுடைய குறைக்கு வழி காண்பது அத்துணை எளிதாயிருக்கவில்லை.

பத்துப் பேரின் கையொப்பம் என்பது பணத்தைவிட நேர்மையான அளவுகோல் எனலாம். ஏழைக்கும் அண்டை அயலார் உண்டு, நண்பர் உண்டு, உடன் உழைப்போர் உண்டு. 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இக்கருத்தின் அடிப்படையில் ஒரு தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் வேட்பாளர் கட்டணம் கட்ட இயலாத ஏழை ஒருவர் தொடுத்த வழக்கு அது. கட்டணம் விதிக்கலாம், ஆனால் கட்ட இயலாதவர்க்கு மாற்றுவழி ஒன்று இல்லாமல் அவரைத் தடுக்கலாகாது என்று நீதிபதிகள் கூறினர். அரைக்கால் வேலிக்காரர்க்கு உத்திரமேரூர்ச் சபை வைத்த மறுவாசலின் நினைவு இங்கே எழுவது இயல்பே.

இரண்டாயிரம் வெள்ளிக் கோடு

பணத்தடைக்கு அடுத்தது தண்டனைத் தடை. மலேசிய அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவு, ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இயலாது என்கிறது. 1957-இல் 2,000 வெள்ளி என்பது பெரும்பொருள். அன்று அத்தொகை ஒரு கடுங்குற்றத்தின் அடையாளம். இன்று அது குறைந்தபட்சச் சம்பளம் பெறுபவரின் ஒன்றேகால் மாத ஊதியத்தைவிடவும் குறைவு. பணத்தின் மதிப்பு தேய்ந்துவிட்டது. கோடு மட்டும் அசையவில்லை. எனவே ஆண்டுதோறும் மேலும் மேலும் சிறிய குற்றங்கள் அக்கோட்டுக்குள் அகப்படுகின்றன.

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலும் அதே 2,000 வெள்ளிக் கோடு நெடுங்காலம் இருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து ஜொகூரில் வளர்ந்த ஜே.பி. ஜெயரத்தினம் அதனால் தாக்குண்டவர். 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் அவர் வென்றபோது, சுதந்திரச் சிங்கப்பூரில் ஆளுங்கட்சியைச் சாராத ஒருவர் தேர்தலில் வெற்றி கண்டது அதுவே முதன்முறை. 1984-இல் மீண்டும் வென்றார். 1986-இல் கட்சிக் கணக்குத் தொடர்பான வழக்கில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பெற்று உறுப்பினர் பதவியை இழந்தார். அத்தண்டனையைக் காரணமாகக் கொண்டு வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 1988-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அந்நீக்கத்தை மாற்றி, அவர்க்குக் கடுமையான அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறியது. ஆனால் குற்றத்தீர்ப்பு அதன் விசாரணைக்கு உட்படாததால் தேர்தல் வாசல் திறக்கவில்லை. சிங்கப்பூர் 2022-இல் அக்கோட்டை 10,000 வெள்ளியாக உயர்த்தியது.

மலேசியாவில் 2018-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இக்கோட்டின் விந்தை வெளிப்பட்டது. ஏப்ரல் 28-ஆம் நாள் கோலாலம்பூர் பத்து தொகுதியில் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. அவர்க்கு விதிக்கப்பட்டிருந்த அபராதம் சரியாக 2,000 வெள்ளி. ஒரு வெள்ளி குறைந்திருந்தால் அவர் வேட்பாளர். கட்சியின் வேட்பாளரை இழந்த அத்தொகுதியில், 22 வயதுச் சட்ட மாணவரான பி. பிரபாகரன் சுயேச்சையாக மனுச் செய்திருந்தார். தியான் சுவா அவரை ஆதரித்தார். பிரபாகரன் 38,125 வாக்குகள் பெற்று வென்றார். ஒருவருக்கு வாசல் அடைபட்டபோது வாக்காளர்க்கு வேறொரு வாசல் திறந்திருந்தது தற்செயலே. அவ்விளைஞர் மனுச் செய்திராவிடின் அத்துணை ஆயிரம் மக்களின் விருப்பம் எங்கே போய் நின்றிருக்கும்?

ரந்தாவ் கதவு

அதே நாளில் நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. அங்கே மந்திரி புசாராயிருந்த முகமட் ஹசானை எதிர்த்து நிற்க வந்தவர் டாக்டர் ஸ்ரீராம். தோட்டங்கள் சூழ்ந்த, தமிழர் கணிசமாக வாழும் தொகுதி அது. வேட்புமனு நிலையத்தின் நுழைவு அட்டை தம்மிடம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் ஸ்ரீராம் உள்ளே விடப்படவில்லை. மனுப் பெறும் நேரம் கடந்தது. முகமட் ஹசான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 வாக்காளரின் சட்டமன்றத் தேர்தல் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது.

இங்கே வைப்புத் தொகை குறுக்கே நிற்கவில்லை, தண்டனை நிற்கவில்லை, வயது நிற்கவில்லை. சட்டம் கேட்காத ஓர் அட்டை நின்றது. டாக்டர் ஸ்ரீராம் வழக்குத் தொடுத்தார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2019 பிப்ரவரி 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2019 ஏப்ரல் 13-ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது.

அவ்விடைத்தேர்தலில் முகமட் ஹசான் 10,397 வாக்குகள் பெற்று வென்றார். டாக்டர் ஸ்ரீராம் பெற்றவை 5,887. அப்படியாயின் அவ்வழக்கால் விளைந்த பயன் யாது எனச் சிலர் வினவலாம். பயன் உண்டு. முதலில் கிட்டிய பதவி ஒரு கதவு மூடியதால் கிட்டியது. பின்னர்க் கிட்டிய பதவி மக்கள் தந்தது. வென்றவர்க்கும் அதுவே பெருமை. தோற்றவர்க்கு வாக்களித்த 5,887 பேரும் தம் மறுப்பைச் சட்டப்படி பதிவுசெய்தனர். வேட்பாளராகும் உரிமை வேட்பாளரின் சொந்த உடைமையன்று. அது வாக்காளனின் தேர்வுரிமையில் ஒரு பாதி. எதிர்த்து நிற்பவர் வெல்வாரா என்பது மக்கள் தீர்க்க வேண்டியது. அவர் நிற்கலாமா என்பதைக் கதவுக் காவலர் தீர்க்கலாகாது.

மாணவரும் ஊராட்சியும்

ஸ்கூடாய்க்கே உரிய தடை ஒன்றும் உண்டு. 1985-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கே தன் பெருவளாகத்தை நிறுவியது. ஆயிரக்கணக்கான இளைஞர் இவ்வூர்க்கு வந்தனர். ஆனால் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாணவர் அரசியற் கட்சியிற் சேர்வதைத் தடுத்தது. அன்று 21 வயதுடைய மாணவர் வாக்களிக்கலாம்; ஆயின் கட்சி ஒன்றின் வேட்பாளராக இயலாது. அதே வயதுடைய லாரி ஓட்டுநர்க்கும் கடைப் பணியாளர்க்கும் இத்தடை இல்லை. படிப்பே தகுதியின்மையான விந்தை இது.

2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே சென்றதற்காக நடவடிக்கைக்கு உள்ளான நான்கு மாணவர் வழக்காடினர். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு மாணவர் கட்சியிற் சேரும் உரிமை பெற்றனர். 2019-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை மட்டுமன்றி, நாடாளுமன்ற மக்களவைக்கு நிற்கும் வயதையும் 18 ஆக்கியது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 18 வயதினர் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் 2022 மார்ச் 12-இல் நடந்த ஜொகூர்த் தேர்தலே.

திறந்த வாசல்களுக்கு நடுவே, அடியோடு அகற்றப்பட்ட வாசல் ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் நகராண்மைக் கழகங்களுக்கும் தேர்தல் நடந்தது. தெருவிளக்கு, சாக்கடை, சந்தை ஆகியவற்றைப் பற்றிப் பேசி, அண்டை அயலாரின் வாக்கால் எளிய மனிதர் ஒருவர் பொதுவாழ்வில் முதலடி வைக்கக்கூடிய படி அதுதான். 1965-இல் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு அமைக்கப்பெற்ற விசாரணை ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமனமுறையை நிலைபெறச் செய்தது. ஆகவே ஸ்கூடாய்வாசி ஒருவர் மக்கள் வாக்கால் பொதுப்பணி ஏற்க விரும்பினால், அவர் ஏறக்கூடிய முதற்படியே 8,000 வெள்ளிப் படியாக இருக்கிறது.

நியாயமான விதிகள் எவை என்பது இதுகாறும் கண்டவற்றால் தெளிவாகும். வேட்பாளர்க்குத் தடை இருக்கலாம். அத்தடை அவர்பால் மக்கள் வைத்த நம்பிக்கையை அளக்க வேண்டும். பணம் கட்ட இயலாதவர்க்கு, வாக்காளர் சிலரின் கையொப்பத்தால் நுழையும் வழி ஒன்று வேண்டும். வைப்புத் தொகை இழப்பின் எல்லை, அதனைப் படைத்த நாடே கைவிட்ட எட்டில் ஒரு பங்கிலிருந்து இறங்க வேண்டும். 1957-இல் வரைந்த 2,000 வெள்ளிக் கோடு இன்றைய பணமதிப்புக்கேற்ப நகர வேண்டும். மனுப் பெறும் அறையின் கதவு, சட்டம் கேட்பவற்றோடு வருபவர் அனைவர்க்கும் திறக்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் என்னும் முதற்படி மீண்டும் கட்டப்பட வேண்டும்.

கால் வேலி நிலமும் இல்லாத கைகள் ஸ்கூடாயின் காடுகளைத் திருத்தித் தோட்டமாக்கின. அக்கைகளின் வழிவந்தோர் இன்று வாக்குச்சீட்டில் கோடிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் தம் பெயரும் அச்சீட்டில் இடம்பெற வேண்டும் என்று விரும்பி மனுவோடு வரும் நாளில், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உம்மை நம்புவோர் எத்தனை பேர்? அதற்கு விடை சொல்லும் உரிமை வாக்காளர்க்கே உரியது.